கச்சேரிக்கு வருகிறீர்களா? தம்புரா போடுகிறவள் சொல்கிறேன்

மேடையில் இருப்பவர்களில் ரசிகர்களை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது தம்புரா போடுகிறவர்தான். பாடகர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வார். வயலின்காரரின் பார்வை பாடகர் பக்கம். மிருதங்கக்காரருக்குப் பாடகரின் தாளக் கையில் கண். எனக்கு நாலு தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். விரல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், காது சுருதியில் இருக்கும், கண்ணுக்கு மட்டும் வேலை கிடையாது. அது சபையைச் சுற்றி வரும். முதல் நாலைந்து வரிசை முகங்கள் மேடை வெளிச்சத்தில் நன்றாகவே தெரியும். முதல் வரிசையில் பேப்பரை விரித்து, நாளைய கச்சேரிப் பட்டியலில் பேனாவால் வட்டம் போடுகிற மாமா எனக்கும் தெரிகிறார், பாடகருக்கும் தெரிகிறார்.

பாட்டு கற்றுக்கொண்டவள் நான். வருஷம் முழுக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், டிசம்பர் பிறந்தால் தெரிந்த பாடகிகளுக்குத் தம்புரா போடப் போய்விடுவேன். ஒவ்வொரு மார்கழியும் எங்கள் குடியிருப்பில் யாராவது கேட்பார்கள்: "முதல் தடவையா வரோம், என்ன தெரிஞ்சுக்கணும்?" பட்டுப்புடவை கட்டணுமா என்பதுதான் பெரும்பாலும் அடுத்த கேள்வி. வேண்டாம். சுடிதார், ஜீன்ஸ், ஆபீஸிலிருந்து நேரே வந்த கசங்கிய சட்டை, எதுவானாலும் சரி. குளிரூட்டிய அரங்கு என்றால் ஒரு சால்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் தெரிய வேண்டுமா? அதுவும் வேண்டாம். கச்சேரி எங்கெங்கே நிற்கும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எப்போது உள்ளே வருவது, எப்போது எழுவது, எங்கே கைதட்டுவது, எங்கே இருமுவது எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

கச்சேரி எங்கே நிற்கும்

இன்று சபாக்களில் நாம் கேட்கிற வரிசை பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) போட்ட பாதை. முதலில் வர்ணம். பிறகு விறுவிறுப்பாக இரண்டு மூன்று கீர்த்தனைகள். நடுவில் ஒரு ராகத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாக எடுப்பார்கள். சுமார் ஒரு மணி நேரம் போனதும் அன்றைய பெரிய உருப்படி வரும். அதற்கு நீண்ட ஆலாபனை (சாகித்யம் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது), அதைத் தொடர்ந்து வயலின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களை அப்போதே கோத்துப் பாடுவது), அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி. சில நாள் கீர்த்தனைக்குப் பதில் ராகம் தானம் பல்லவி, ஒரே வரியை வைத்துக் கட்டி எழுப்புகிற பெரிய உருப்படி. தனி முடிந்தபின் துக்கடாக்கள் என்கிற சின்ன உருப்படிகள்: விருத்தம், பதம், திருப்புகழ், தில்லானா என்று பாடகருக்குப் பிடித்தது. கடைசியில் மங்களம் என்கிற முடிவுப் பாட்டு.

ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. கைதட்டல் அடங்கும். நான் தந்தியை முறுக்குகிற ஒரு பிருடையைத் திருகுவேன். மிருதங்கக்காரர் கல்லால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். பாடகர் ஒரு வாய் வெந்நீர் குடிப்பார். அரை நிமிஷம், சில சமயம் ஒரு நிமிஷம். உங்களுக்கான வாசல் இதுதான். உள்ளே வர, வெளியே போக, கைப்பையைத் திறக்க, தொண்டையைச் செரும, பக்கத்தில் இருப்பவரிடம் "இது என்ன ராகம்?" என்று கேட்க எல்லாவற்றுக்கும் இந்த அரை நிமிஷம் போதும்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆலாபனையில் பாடகர் ஒரு நீளமான பிடியை, அதாவது இசைத்தொடரைப் பாடிவிட்டு நிறுத்துவார். இரண்டு மூன்று விநாடிக்குத் தம்புரா மட்டும் கேட்கும். வயலின்கூட ஓய்ந்திருக்கும். ஆலாபனை முடிந்துவிட்டது என்று நினைத்து யாராவது எழுந்திருப்பார். அரங்கு நாற்காலியின் இருக்கை தானாக மடங்கிப் பின்னால் போய் 'டப்' என்று அடிக்கும். பாடகர் அடுத்த பிடியை யோசித்துக்கொண்டிருந்த இடம் அது. எழும்போது இருக்கையை ஒரு கையால் பிடித்து மெதுவாக விடுங்கள். பாட்டு நடுவில் எழுந்தே தீர வேண்டிய அவசரம் யாருக்கும் வரலாம். முழங்கால் பிடித்துக்கொள்ளும், சர்க்கரைக்காரர் பாத்ரூம் போக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் முதலிலேயே ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் சிரமமில்லை.

தாமதமாக வந்தால்

சென்னைப் போக்குவரத்தில் தாமதம் குற்றமில்லை. கதவுக்கு வெளியே நில்லுங்கள், பாட்டு முடிந்ததும் வாருங்கள். பல சபாக்களில் கதவருகே தொண்டர் நிற்பார், அவரே நிறுத்தி வைப்பார். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். "நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்பது அவருக்கும் தெரியும். அந்தக் கதவு ஒரு தடவை திறந்தால் வராந்தா விளக்கு முக்கோணமாக உள்ளே விழுகிறது, கேன்டீன் சத்தமும் கூடவே வருகிறது.

வரிசைக்குள் நுழையும்போது உட்கார்ந்திருப்பவர் காலை மடக்கிக்கொள்ள ஒரு விநாடி கொடுங்கள். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நம்முடைய வழக்கமே போதும். "சாரி சார், சாரி மேடம்" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனால் அதுவே ஒரு அனுபல்லவி (பாட்டின் இரண்டாம் பகுதி) நீளத்துக்கு ஆகிவிடுகிறது.

மத்தியானக் கச்சேரிகள் பல இடங்களில் இலவசம். வளரும் பிள்ளைகள் பாடுகிற நேரம் அது, அவசியம் வாருங்கள். ஆனால் ஒரு கைக்குட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மடித்த பேப்பர் என்று போட்டு ஆறு இருக்கைகளைப் பிடித்து வைப்பது ஒரு சென்னைக் கலை. கூட வருபவருக்கு ஒரு இடம் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கச்சேரி தொடங்கி இரண்டு பாட்டு போனபின்னும் கைக்குட்டை மட்டும் உட்கார்ந்திருந்தால், அதை எடுத்துவிட்டு நிற்கிற பாட்டிக்கு இடம் கொடுங்கள்.

போனும் மற்றச் சத்தங்களும்

போனைப் பற்றி எல்லா சபாவிலும் அறிவிக்கிறார்கள், எல்லாக் கச்சேரியிலும் ஒரு போன் அடிக்கிறது. அது மேடையில் என்ன செய்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

தம்புராவில் தந்திகள் ஏறி நிற்கிற குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு மெல்லிய நூல் வைப்போம். ஜீவாளி என்று பேர். அதை ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தினால்தான் தந்தி ரீங்கரிக்கும், இல்லையென்றால் வெறுமனே 'டொய்ங்' என்று செத்த சத்தம் வரும். கச்சேரிக்கு முன்னால் பின்னறையில் உட்கார்ந்து நாலு தந்திக்கும் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கவே எனக்கு நேரம் சரியாகப் போகும். பாடகிக்குச் சுருதி ஐந்து கட்டை என்றால் மிருதங்கம், வயலின், கடம் எல்லாம் அந்த ஐந்து கட்டையில் வந்து உட்காரும். அதன்மேல் பாடகி காந்தாரம் என்கிற ஸ்வரத்தை அசையாமல் பிடித்து நிற்கும்போது, எட்டாவது வரிசையில் ஒரு ரிங்டோன் வேறு ஏதோ சுருதியில் கிளம்பும். காது தன்னை மீறி அந்தப் பக்கம் சாயும். குரலும் சாயாமல் இருக்க, அவர் தம்புராவின் பக்கம் லேசாகத் தலையைத் திருப்புவார். சபையில் இருப்பவர்கள் அதை ராக பாவம், உணர்ச்சி என்று நினைப்பார்கள். பிடிமானம் தேடுகிறார், அவ்வளவுதான்.

ஆகவே அணைத்துவிடுங்கள், அல்லது விமானப் பயன்முறையில் போட்டு அலாரத்தையும் எடுத்துவிடுங்கள். 'சைலன்ட்' போதாது. பல போன்களில் சைலன்டில் இருந்தாலும் அலாரம் அடிக்கும். ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு வைத்த அலாரம் தனி ஆவர்த்தனத்தில் அடிப்பதை நான் ஒவ்வொரு சீசனும் கேட்கிறேன். 'வைப்ரேட்' இன்னும் மோசம். சாவிக்கொத்தோடு கைப்பைக்குள் கிடந்தால் அது ஜல்ஜல் என்கிற கைப்பறையான கஞ்சிராவுக்குப் போட்டியாகிவிடும்.

போன் வெளிச்சமும் அப்படித்தான். இருட்டில் ஒரு திரை எரிந்தால் மேடையிலிருந்து அதுதான் முதலில் கண்ணில் படும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே கதை. இன்ன ராகம் என்று தேடிப் பார்க்கவே திறந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். பதிவு செய்வது வேறு விஷயம். அது பாடுகிறவருடைய உழைப்பு, சபாவுக்கும் அவருக்கும் இதில் ஒப்பந்தம் இருக்கும். பேத்திக்குக் காட்ட ஒரு போட்டோ வேண்டுமென்றால் தொண்டரிடம் கேட்டுவிட்டு, வர்ணத்தின்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்துக்கொண்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

போனைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது பிளாஸ்டிக் கவர். முறுக்குப் பொட்டலத்தைச் 'சத்தம் வராமல்' பிரிப்பதாக நினைத்துக்கொண்டு மெதுவாகப் பிரிப்பார்கள். மெதுவாகப் பிரித்தால் அந்தச் சரசரப்பு நீண்டுகொண்டே போகும். தொண்டைக்குப் பனங்கற்கண்டு, இருமல் மிட்டாய் வேண்டுமென்றால் கவரைப் பிரித்து முன்னாலேயே கைக்குட்டையில் முடிந்துகொள்ளுங்கள். மார்கழிப் பனியில் இருமல் வராதவர் யார்? மேடையில் இருக்கிறவர்களுக்கும் வருகிறது. வந்தால் முழங்கை மடிப்பில் வாயைப் புதைத்து இருமுங்கள், நிற்கவில்லை என்றால் எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள். இந்த ஒன்றுக்குப் பாட்டு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

காது கேட்கும் கருவி வைத்திருக்கிற பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு உதவி செய்யலாம். கருவி காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் 'கீ' என்று சன்னமாக விசிலடிக்கும். பெரும்பாலும் போட்டிருப்பவருக்கே அது கேட்காது, சுற்றியுள்ள மூன்று வரிசைக்குக் கேட்கும். முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பாட்டு முடிந்ததும் காதைத் தொட்டுக் காட்டி, "மாமா, கொஞ்சம் அழுத்திப் போட்டுக்கோங்கோ" என்றால் போதும்.

தர்பாரா, நாயகியா

பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் சபையில் ஒரு முணுமுணுப்பு பரவும். இது தர்பார் ராகமா நாயகியா, ஆரபியா தேவகாந்தாரியா, எல்லாம் சாயல் ஒத்த ராகங்கள். கண்டுபிடிக்கிற சந்தோஷம் எனக்கும் தெரியும். மனசுக்குள் கண்டுபிடியுங்கள். வேண்டுமானால் விரல் நுனியால் பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு தட்டு, ஒரு தலையாட்டல். பின் வரிசையில் இருப்பவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். அவர் தானாகக் கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்திருப்பார், அந்தச் சந்தோஷத்தை நாம் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். கூடவே பாடுவதும் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர் டிக்கெட் வாங்கியது மேடையில் இருப்பவரைக் கேட்க.

தாளம் போடலாமா? தாராளமாக. ஆனால் சத்தமில்லாமல், மடிமேல், உள்ளங்கையை வைத்து எடுக்கிற அளவுக்கு. ஆதி தாளம் எட்டு அட்சரம்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இது எல்லோருக்கும் கைவரும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாட்டு தட்டோடு சேர்ந்து ஆரம்பிக்காமல் அரை இடம் தள்ளியோ முக்கால் இடம் தள்ளியோ எடுக்கும்போது. முதல் வரிசையில் ஒருவர் பாட்டு தொடங்குகிற இடத்தையே சமம் (தாளத்தின் முதல் தட்டு) என்று நினைத்துத் தொடையில் ஓங்கி அடிப்பார். மிருதங்கக்காரர் கணக்கில் மூழ்கித் தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே தப்பான தாளம் வந்துகொண்டிருக்கும். முன் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவதென்றால் பாடகர் கையைப் பார்த்துப் போடுங்கள். மிஸ்ர சாபு மாதிரி ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் சந்தேகம் வந்தால் கையை மடக்கிக்கொண்டு கேட்பது உத்தமம்.

கைதட்டல்

ஆலாபனை முடிந்ததும் தட்டலாம். வயலின் ஆலாபனை முடிந்ததும் தட்ட வேண்டும். ஸ்வரம் முடிந்து பாட்டு வரிக்குத் திரும்பியதும், தனி முடிந்ததும், உருப்படி முடிந்ததும் தட்டலாம். நடுவில் ஒரே வரியை மாற்றிப் பாடுகிற ஒவ்வொரு சங்கதிக்கும் தட்டினால் அடுத்த சங்கதி காதில் விழாது.

வயலினுக்கு 'வேண்டும்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாடகர் ஆலாபனையை முடித்ததும் அரங்கம் அதிரக் கைதட்டல். வயலின்காரர் வில்லை எடுத்ததும் அதே அரங்கத்தில் பாதித் தலைகள் குனிந்துவிடும், பேச்சு தொடங்கும், போன் திரைகள் எரியும். அவரும் அதே ராகத்தை அந்த நிமிஷத்தில் புதிதாகத்தான் வாசிக்கிறார். பாடகர் விட்டுப்போன இடங்களைத் தேடிப் போவார், பல நாள் அன்றைய கச்சேரியின் சிறந்த ஐந்து நிமிஷம் அதில்தான் கிடைக்கும். பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும்.

கைதட்டுவதற்கு முன்னாலிருந்தே நம்மிடம் ரசிக்கிற வழிகள் உண்டு. 'ஆஹா', 'பேஷ்', 'சபாஷ்'. அப்புறம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற 'ச்சு ச்சு'. புதிதாக வந்தவர்கள் அந்தச் 'ச்சு'வைக் கேட்டு யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். அது உச்சபட்சப் பாராட்டு. நல்ல பிடி விழுந்த இடத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய 'ச்சு' வந்தால் பாடகர் முகம் மாறுவதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆயிரம் பேர் கைதட்டும்போது அப்படி மாறுவதில்லை. ஆனால் அது தானாக வர வேண்டும். தன்னை ரசிகர் என்று காட்டிக்கொள்ள ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (தாளச் சுற்றுக்கும்) 'பேஷ்' போடுகிறவரை மேடையில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

தனி ஆவர்த்தனம்

நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாடகர் ஸ்வரத்தை முடித்து வரியை எடுத்து, தலையைத் திருப்பி மிருதங்கக்காரருக்கு ஒரு கை காட்டுவார். அந்தக் கை கீழே இறங்குவதற்குள் சபையில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். கேன்டீனில் போண்டா சூடாக இருக்கும் நேரம், பாத்ரூமில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும், வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும். மேடையிலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக முதுகுகள். மிருதங்கக்காரர் ஒன்றரை மணி நேரமாக அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, இப்போதுதான் தன்னுடைய பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு வருகிறார். முதல் சொற்கட்டை முதுகுகளுக்கு வாசிக்கிறார்.

தனி புரியவில்லை என்றுதான் நிறையப் பேர் எழுந்து போகிறார்கள். கொஞ்சம் வழி சொல்கிறேன், ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். முதலில் மிருதங்கம் ஒரு சுற்று நிதானமாக வாசிக்கும். பிறகு மண்பானையான கடமோ கஞ்சிராவோ வாயில் வைத்து வாசிக்கிற முகர்சிங்கோ அதற்குப் பதில் சொல்லும். மானாமதுரைக் களிமண் கடத்தில் கழுத்துக்கும் வயிற்றுக்கும் எப்படித் தொனி மாறுகிறது பாருங்கள். உடும்புத்தோல் கஞ்சிரா என்றால் வாசிப்பவர் உள்பக்கம் விரலால் தண்ணீர் தொட்டுச் சுருதியை இறக்குவது தெரியும். இப்படி மாறி மாறிச் சுற்றுகள் போனபின் அவை சுருங்க ஆரம்பிக்கும். நான்கு ஆவர்த்தனம் வாசித்தவர் இரண்டு வாசிப்பார், அடுத்தது ஒன்று, அப்புறம் அரை. இதற்குக் குறைப்பு என்று பேர். இரண்டு பேர் வாக்குவாதம் முற்றிக்கொண்டே போவது மாதிரி இருக்கும், தாளம் தெரியாத குழந்தைகூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். பிறகு இருவரும் சேர்ந்து மோரா என்கிற முடிப்பு, அதைத் தொடர்ந்து கோர்வை என்கிற கணக்குக் கட்டு. கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். மூன்றாவது முடிகிற இடத்தில் பாடகர் விட்ட வரியைக் கச்சிதமாக எடுப்பார். நீங்கள் எட்டு எண்ணிக்கையை மட்டும் மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தால், அந்த முடிவு உங்கள் உள்ளங்கையிலேயே வந்து விழும்.

போயே ஆக வேண்டும் என்றால் பெரிய உருப்படியின் ஆலாபனை தொடங்குமுன், முந்தின பாட்டு முடிந்த இடைவெளியில் போய்விட்டு வாருங்கள். இன்னும் ஒரு வழி, வரும்போதே சாப்பிட்டுவிட்டு வருவது. சபா கேன்டீன் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. கச்சேரிக்கு வராமல் கேன்டீனுக்கு மட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக்கூட நான் மதிக்கிறேன். அவர்கள் தனியின்போது யாருக்கும் முதுகைக் காட்டுவதில்லை.

இதில் சபாக்காரர்கள் பங்கும் உண்டு. ஒரு சபாவில் தனி முடிந்து கைதட்டல் அடங்குமுன் செயலாளர் மைக்கோடு மேடை ஏறி, பொன்னாடை போர்த்தி, ஆதரவாளர்கள் பெயர்களை எல்லாம் படித்தார். என் விரல் மட்டும் நிற்காமல் தந்தியை மீட்டிக்கொண்டிருந்தது. அரங்கில் சூடு ஆறிப்போயிற்று. பாடகி துக்கடாவை மறுபடி ஆரம்பத்திலிருந்து கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. பொன்னாடையைக் கடைசியில் போர்த்தினால் குளிருக்கும் இதமாக இருக்கும்.

சீட்டு, குழந்தைகள்

பிடித்த பாட்டைப் பாடச் சொல்லித் துண்டுச்சீட்டு அனுப்பலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தக் கூடாது. தெளிவான எழுத்தில் பாட்டின் முதல் வரி, தெரிந்தால் ராகம், அவ்வளவு போதும். நாலு வரி கடிதம் மேடை வெளிச்சத்தில் படிக்க முடியாது. தனி முடிந்த பிறகு, பாட்டுகளுக்கு இடையில், தொண்டர் மூலமாக மேடையோரத்தில் வையுங்கள். நாற்பது நிமிஷம் பாட வேண்டிய பெரிய கீர்த்தனையை அந்த நேரத்தில் கேட்டால் கிடைக்காது. பாடவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். அன்று அவர் பாடின ராகத்தின் சாயலே உங்கள் பாட்டிலும் இருந்தால் மறுபடி எடுக்க மாட்டார்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மத்தியானக் கச்சேரிக்கு, ஓர இருக்கையில், ஒரு மணி நேரத்துக்கு. அழுதால் உடனே தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், 'உஷ்' என்று அதட்டுகிற உங்கள் சத்தம்தான் அதிகம் கேட்கும். போன் கொடுத்து உட்கார வைத்தால் அந்தத் திரை வெளிச்சம் மறுபடி எங்கள் முகத்தில். என் மாணவிகளிடம் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து, மேடையில் என்னென்ன தெரிகிறதோ வரையச் சொல்வேன். அவர்கள் வரைகிற படத்தில் தம்புராதான் எல்லோரையும்விடப் பெரிசாக இருக்கும். இதில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை.

மங்களம்

மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. மயிலாப்பூர் பக்கம் போனால் இன்னும் நாலைந்து. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே இசை மாநாடும் நடந்து, அதிலிருந்து 1928இல் அகாடமி பிறந்தது. டிசம்பர் இசை மாதமானதற்கு அதுவும் காரணம். இப்போது ஒரே சாயங்காலம் பத்து இடத்தில் கச்சேரி, ஏழரைக்கு இங்கே பாதி கேட்டுவிட்டு அங்கே பாதி கேட்க ஓடுகிற கூட்டம். ஓடுங்கள், அதுவும் சீசனின் ருசிதான். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பாட்டுக்கு நடுவில் ஓடுங்கள்.

மங்களத்தின்போது மட்டும் ஓடாதீர்கள். சௌராஷ்டிர ராகத்தில் முதல் வரி கேட்டதுமே ஆட்டோ பிடிக்க எழுந்துவிடுவார்கள். இரண்டு நிமிஷம். அது முடிந்ததும் எழுந்தாலும் அதே ஆட்டோக்காரர் அங்கேதான் நிற்பார், அதே நூறு ரூபாய் கூடத்தான் கேட்பார்.

இடத்துக்கு இடம்

இவ்வளவும் சபா அரங்குகளுக்குச் சொன்னது. லஸ் அவென்யூ ராகசுதா ஹால் மாதிரிச் சின்ன இடங்களில் இதைவிடக் கவனம் வேண்டும், வளையல் குலுங்கினால்கூட மேடைக்குக் கேட்கும். கோயில் கச்சேரி வேறு மாதிரி. அங்கே மணி அடிக்கும், தீபாராதனைக்கு எல்லோரும் எழுவார்கள், பாடகரே நிறுத்துவார். வருவதும் போவதும் சகஜம். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடும்போது தரையில் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் வாய்விட்டுக் கூடவே பாட வேண்டும். சபாவில் அடக்கி வைத்ததை எல்லாம் அங்கே போய் அவிழ்த்துவிடலாம்.

கச்சேரிக்குப் பிறகு மேடைக்கு வந்தால்

வாருங்கள், எங்களுக்குப் பிடிக்கும். கச்சேரிக்கு முன்னால் மட்டும் பின்னறைக்கு வர வேண்டாம். அப்போது சுருதி சேர்த்துக்கொண்டிருப்போம், பேசினால் காது போய்விடும். முடிந்தபின் மேடை ஏறுமுன் செருப்பைக் கழற்றுங்கள். தம்புராவையோ மிருதங்கத்தையோ தாண்டிக் கால் வைக்காதீர்கள், சுற்றிக்கொண்டு வாருங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் கை நீட்டிக் குலுக்க வேண்டாம், கும்பிட்டால் போதும்.

"ரொம்ப நன்னாயிருந்தது" என்பது எல்லோரும் சொல்வது. எந்தப் பாட்டில் எந்த இடம் என்று ஒன்றைக் குறிப்பாகச் சொன்னால் பாடகருக்கு அன்று ராத்திரி தூக்கம் நன்றாக வரும். "குரல் கொஞ்சம் கட்டியிருந்ததோ?" என்று கேட்காதீர்கள், அது அவருக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். செல்ஃபிக்குப் பாடகரைச் சுற்றி நெருக்கும்போது, பின்னால் வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிற வயலின்காரரிடமும் கடக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். தம்புராவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் நானே நகர்த்திக்கொள்கிறேன், நீங்கள் தூக்க வேண்டாம். குடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டிய பொருளைப் பாதிப் பேர் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார்கள்.